மெழுகுவர்த்தி தேய்த்த கரடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, இரண்டு நாளாக எனக்கு மனிதர்களைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அனிமேஷன் வேலையை விட்டுவிட்டு, குளியலறை ஓடுகளுக்கு விளம்பரம் வரைகிற கம்பெனிக்குப் போகிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லணும் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்துக்காக என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அப்பாவே இதை ஒரு வேலையா மதிக்கலையேம்மா என்று சொன்னாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் கத்திவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வேலை பார்த்த அனிமேஷன் படத்துக்குப் போனோம், நான், அப்பா, அண்ணன், அவன் மகன், ஒட்டிக்கொண்டு உன் சித்தப்பாவும். தியேட்டர் வாசலிலேயே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார், பொம்மைப் படத்துக்கு எதுக்கு இத்தனை பேரு, பொடியனை உள்ள விட்டுட்டு நாம வெளியில டீ குடிப்போம் என்று. அதற்கு உன் அண்ணன் தலையாட்டுகிறான், கூடப் பிறந்தவன். நான் முறைத்த முறைப்பில் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். உள்ளே அதைவிடக் கேவலம். பெரியவர்கள் பாதிப் பேர், துணியைச் சலவைக்குப் போடுகிற மாதிரி, பிள்ளைகளை சீட்டில் போட்டுவிட்டுக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் முகத்தில் போன் வெளிச்சம். எனக்கு முன்னால் இருந்த ஆள் யாரிடமோ கம்பி விலை பேசிக்கொண்டிருந்தார், தோளில் தட்டி நிறுத்தச் சொன்னால், குழந்தைங்க படம்தானேம்மா, கதை புரியாமலா போயிடும் என்கிறார். சித்தப்பா குறட்டை. அண்ணன் போன் பேச எழுந்து போனவன் இடைவேளைக்கு அப்புறம்தான் பாப்கார்னோடு தலையைக் காட்டினான். இதே ஆட்கள் வெட்டு குத்துப் படம் என்றால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு ஓடுவார்கள், அது பெரியவர்கள் பார்க்கிற படமாம். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இவர்கள் பார்க்காமல் விட்டது என்ன தெரியுமா, கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற அந்தக் கரடி, தன் மகள் படகேறுகிற நாளில் ஒரு வார்த்தை பேசாமல் அவள் பையின் ஜிப்பைத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. ஜிப் சிக்கிக்கொண்டதும் வழுக்கி ஓடட்டும் என்று மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து ஜிப்பின் பல்லில் தேய்க்கிறது. பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான், அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கிளம்பின அன்று வாசலில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அப்பா உன் பெட்டி முன்னால் மண்டியிட்டு இதைத்தானே செய்துகொண்டிருந்தார். அந்தக் காட்சி உன் வேலை என்று நீ சொல்லவே இல்லை, இருந்தாலும் பெற்றவளுக்குத் தெரியாதா. ஒரே காட்சி, பொடியனுக்கு வேடிக்கை, எனக்கு நீ கிளம்பின நாள், அந்தக் கம்பி வியாபாரி நிமிர்ந்து பார்த்திருந்தால் அதே போனில் தன் அப்பாவைக் கூப்பிட்டிருப்பார். இப்படி எல்லா வயசுக்கும் ஒரே பந்தியில் பரிமாறுகிற படத்தைக் குழந்தைப் படம் என்று ஒதுக்குகிறவர்களை நினைத்தால் வெறுப்பாக இருக்கிறது. இன்னும் கேள், கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டார்கள். மேனேஜரிடம் போனால், பேரையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க என்கிறார். நான் படிப்பேன், என் பொண்ணு பேர் இருக்கு, திரும்பப் போடுங்க என்று சண்டை பிடித்தேன். உன் அப்பா ஒத்தாசைக்கு வராமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று ராத்திரி அவருக்கு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்றுக் காலை எப்போதும் போல அச்சகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு உன் படத்துக்குப் போய்விட்டு வருகிறாளாம். பகல் ஆட்டத்துக்கு வரிசையில் அவளுக்கு முன்னால் உன் அப்பா தனியாக நின்றாராம். டிக்கெட் கொடுக்கிறவன், சார் இது குழந்தைங்க படம், கூடப் பிள்ளைங்க யாரும் வரலையா என்று கேட்டானாம். அதற்கு இவர், எம்பொண்ணு ரொம்ப தூரத்துல இருக்கா, அவளைப் பாக்கத்தான் வந்திருக்கேன் என்றாராம்.

டிக்கெட் கொடுக்கிறவனிடம் சொல்லத் தெரிந்தது, உன்னிடம் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. இதையும் தெரிந்துகொண்டு அந்தக் கம்பெனிக்குப் பதில் எழுது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள், திரையை விட்டு அவ்வப்போது எழுந்து நட. போன இடத்தில் தலை நிமிர்ந்து நீண்ட நாள் நன்றாக இரு.

உன் மேல் மட்டும் கோபமில்லாத,
அம்மா