மண்சுவருக்கு இந்தப் பக்கம்

ஹிரோஷிமா
1987 பிப்ரவரி 9

அன்புத் தம்பி தெய்ஜிக்கு,

அக்கா ஹிசானோ எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய ஏரிச் சிப்பி வந்தது. மிசோ சூப் வைத்தேன், உன் அத்தான் மூன்று கிண்ணம் குடித்தார். பெட்டிக்குள் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே தம்பி? விலாசத்தில் மட்டும்தான் உன் கையெழுத்து.

போன கோடையில் இங்கே பிடுங்கிய கடைவாய்ப் பல்லை, நான் கேட்டதற்காக எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். 1945-ல் அன்று அணுகுண்டிலிருந்து பட்ட கதிரின் அளவு பல்லில் தங்கியிருக்கும். உன் பல் சொல்லும் அளவு, நீ இருந்ததாகச் சொன்ன இடத்தை வைத்து உன் கோப்பில் போட்டிருப்பதைப் போல் நான்கு மடங்கு. இரண்டு முறை பார்த்துவிட்டார்கள், பல்லில் பிழை இல்லை. கோப்பு என் மேசையில் கிடக்கிறது. இதை உனக்கு எழுதுவதே விதிப்படி தவறு. அன்று காலை நீ எங்கே இருந்தாய்?

அக்கா ஹிசானோ


மட்சுயே
பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நலம். 1959-ல் உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு தேடி வந்து, நான் இருந்த இடத்தைப் படம் வரைந்துகொண்டு போனவர்களிடம் சொன்னதுதான் இப்போதும். அம்மா சந்தில் நின்றிருந்தாள், ஒரு நொடியில் போய்விட்டாள். நான் களஞ்சிய அறைக்குள் இருந்தேன். ஒரு முழம் கனத்துக்கு மண்சுவர். கதவு சிக்கிக்கொண்டது. உடைத்து வெளியே வந்தபோது வீடு எரிந்து முடிந்திருந்தது. இதை உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பல்லு வேணும்னா இன்னொண்ணு புடுங்கிக்கட்டும், என்னை விட்டுடச் சொல்லு" என்று கட்டிய மனைவி என்றும் பார்க்காமல் சுமியேவிடம் கத்திவிட்டேன். "அக்கா மேல உள்ள கோவத்த எங்கிட்ட ஏன் காட்டுறீங்க?" என்றாள்.

இன்னொன்று. வெள்ளை அணுக்கள் சரியில்லை என்கிறார் இங்குள்ள டாக்டர். எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டுமாம். பெரிதாக ஒன்றும் இருக்காது.

தெய்ஜி


ஹிரோஷிமா
மார்ச் 3

தம்பி,

 மஜ்ஜையைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்கிறாய்.

கேள். இப்போது புதிய கணக்கு. கூரையும் சுவரும் தடுத்தது போக, உடம்பின் சதையும் தடுத்தது போக, மஜ்ஜைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, இரைப்பைக்கு எவ்வளவு, தைராய்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அதனால்தான் நின்றாயா, உட்கார்ந்தாயா, முகம் எந்தத் திசையில் என்றெல்லாம் கேட்கிறோம். கோப்பு இப்படியே இருந்தால் உன் மஜ்ஜைக்குச் சேர்ந்தது சொற்பம். உன் நோய்க்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

அந்த மண்சுவருக்குள் நீ இருந்திருக்க முடியாது. வெட்டவெளியில் இருந்திருந்தால் உடம்பு வெந்திருக்கும், உனக்கோ ஒரு தழும்பும் இல்லை. எனக்குப் புரியவில்லை. நான் அன்று ஊருக்கு வெளியே தொழிற்சாலையில் இருந்தேன். பார்த்தவன் நீ ஒருவன்தான். சொல்லடா.

ஹிசானோ


மட்சுயே
ஏப்ரல் 2

அக்கா,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன்.

நான் களஞ்சிய அறைக்குள் இல்லை. சந்தில் நின்றது நான்தான், பலகை வேலிக்குப் பின்னால், கிழக்கே பார்த்து. வேலி வெளிச்சத்தை மறைத்தது. அதனால்தான் வேகவில்லை. அம்மா வீட்டுக்குள் இருந்தாள். குண்டுவீச்சுக்குப் பயந்து பள்ளிப் பிள்ளைகளை அனுப்பியிருந்த கிராமத்திலிருந்து, காய்ச்சல் என்று என்னைக் கூட்டி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு விழுந்தது. அம்மாவின் இடுப்புக்குக் கீழே உத்தரம். முகமும் கைகளும் வெளியே. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தேன் அக்கா. அசையவில்லை. அடுத்த வீட்டுத் தீ நம் கூரைக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் தாய்மார்கள் "ஓடிப் போடா" என்று சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நம் அம்மா அப்படிச் சொல்லவில்லை. "போகாதடா தெய்ஜி, கைய விடாத" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினேன்.

கதவு சிக்கிக்கொண்டது என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். அதன் பிறகு அந்த அறையிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை.

கோப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

தெய்ஜி


ஹிரோஷிமா
ஜூலை 12

தெய்ஜி,

மூன்று மாதம் பதில் போடவில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் இருந்ததை நீ படிக்க வேண்டாம்.

கோப்பு திருத்தியாகிவிட்டது. பலகை வேலி, நின்ற நிலை, கிழக்கு முகம். பலகை சூட்டைத் தடுக்கும், கதிரைத் தடுக்காது; இப்போது பல்லோடு ஒத்துப்போகிறது. மஜ்ஜைக்கான புதிய அளவு உன் டாக்டருக்குப் போகும். அம்மா எங்கே இருந்தாள் என்று அந்தத் தாளில் கேள்வியே இல்லை. உயிரோடு மிஞ்சியவர்களுக்குத்தான் கணக்கு.

உறுப்புகளுக்குக் கணக்குப் போட மூன்று மாதிரி உடல்கள் வைத்திருக்கிறார்கள்: கைக்குழந்தை, குழந்தை, பெரியவர். உனக்கு அப்போது பதினொன்று. எந்த உடல் என்று குறிக்க வேண்டியது என் வேலை. குழந்தை என்று குறித்தேன். அந்த மாதிரி உடலின் எடை இருபது கிலோ. பேனாவை வைத்துவிட்டு அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டின் உத்தரத்தை அது அசைத்திருக்காது. இதை எந்தக் கோப்பிலும் எழுத இடமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆனாலும் அவள் போகாதே என்று சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஆகஸ்டில் அம்மாவின் கல்லறைக்கு வராதே. உன் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற என்னால் ஆகாது. அடுத்த வருடம் நானே கூப்பிடுகிறேன்.

அதுவரை இரு.

அக்கா