பேரனுக்கு ஒன்றுதான் இருக்கிறது

அன்பு மகன் வீரமலைக்கு, உறையூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே ஆளும் ஆடும் சுகம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வெக்காளியம்மன் துணை. எனக்கு மட்டும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் உன் ரூம் முழுக்கக் கேட்கும் என்றுதான் எழுதி, மஸ்கட் திரும்பும் நஸ்ருல்லா பாய் கையில் கவரை ஒட்டிக் கொடுக்கிறேன்.

வியாழக்கிழமை மருமகள் கனிஷ்கா பிள்ளையைக் குளிப்பாட்டி என் மடியில் போட்டாள். துவட்டினேனா, சமயபுரம் சந்தையில் முப்பது வருஷம் கிடா தடவிய கை சும்மா இருக்குமா, விதை ஒன்றுதான் தட்டுப்பட்டது. சந்தை என்றால் இந்த உருப்படி வேண்டாம் என்று டீ குடிக்கப் போயிருப்பேன், பேரனை எங்கே தள்ள? உன் அம்மா உடனே, மாசமா இருந்தப்ப கண்டதையும் தின்னாள்ல என்று ஆரம்பித்தாள். கனிஷ்கா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் குழந்தை டாக்டர் பெலிண்டாவிடம் போனோம். கருவில் விதை வயிற்றுக்குள்தான் உண்டாகுமாம், ஹார்மோன் சொல்லித்தான் கீழே இறங்குமாம். அந்தச் சேதியை வாங்க உள்ளே ரிசப்டர் என்று இருக்கிறதாம், அது சரியாக வாங்காவிட்டால் விதை பாதி வழியில் நின்றுவிடுமாம். கூரியர்க்காரன் வந்து நிற்கிறான், வீட்டில் வாங்க ஆள் இல்லை என்று வைத்துக்கொள். இவனுக்கு அதுதானா என்று உறுதி சொல்ல முடியாது, ஆனா தாய் சாப்பிட்டதால இல்லைங்க என்று உன் அம்மாவைப் பார்த்தே சொன்னார்கள். பத்து மாதம் ஆகிவிட்டது, இனி தானாக இறங்காது, ஒரு வயதுக்குள் சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

அத்தோடு விட்டார்களா, குழந்தையின் அப்பாவுக்கு இப்படி இருந்ததா என்றார்கள். என் மகன் சிங்கம் டாக்டரம்மா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, அவனுக்கும் ஒண்ணுதாங்க இருந்துச்சு, நீங்க ஊரெல்லாம் கேலி பண்ணுவீங்கன்னு சொல்லல என்றாள். அப்புறமாவது இறங்கியதா என்றால், வெட்கப்பட்டுத் தானே குளிக்க ஆரம்பிச்சுட்டான், நான் பாக்கல என்கிறாள். ஊரான் கிடாயெல்லாம் தடவியவன் பெற்ற பிள்ளையைத் தடவவில்லையே. என் வாய்க்குப் பயந்து இருபத்தெட்டு வருஷம் மறைத்திருக்கிறாள்.

பிள்ளை பெற்றவனாக இருந்தாலும் உள்ளே நின்ற விதையில் பின்னால் கட்டி வரலாமாம். முதலில் கனிஷ்காவுக்குப் போன் போட்டு, உன்மேல் தப்பில்லை என்று உன் வாயால் சொல். அப்புறம் நீ போய் டாக்டரிடம் காட்டு. ஒன்றா இரண்டா என்று எனக்குத் தெரிய வேண்டும், சத்தியமாகக் கேலி செய்ய மாட்டேன். நூறு வயசு இரு, சாமி.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்ட அப்பா,
காத்தமுத்து