இரண்டு தட்டு, மூன்று தட்டு

நெய்வேலி
14.8.2016

ஆண்டவருக்குள் பிரியமான தம்பி செல்வநாதனுக்கு, அக்கா ஜெயசெல்வி எழுதுவது. மாற்றலாகிப் போன ராஜஸ்தான் மைன்ஸ் வெயிலில் நீயும் டெய்சியும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான் சுகம். அப்படி எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கையில் போன் இருக்கும்போது அக்கா எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைக்காதே. போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய்.

நீ கூரியரில் அனுப்பிய விண்ணப்பம் வந்தது. முட்டி வலி என்று சொல்லி லைட் டூட்டி வாங்கணும், பெல்ட்டை விட்டுவிட்டு கன்ட்ரோல் ரூமில் உட்காரணும், யூனியன் தனகோட்டி அண்ணனிடம் அக்கா சொன்னால் நடக்கும் என்று எழுதியிருக்கிறாய். "மாமாவுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி எனக்கும் வாங்கிக் கொடு" என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

உன் மாமாவுக்கு முட்டி வலி இருந்ததே இல்லை, தம்பி. உன்னிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

இருபத்தாறு வருஷம் மைன்ஸில் நிலக்கரி ஓடுகிற பெல்ட் ஓரமாகவே நடந்து, கீழே சுற்றுகிற ரோலர் சத்தத்தைக் கேட்டுப் பழுது கண்டுபிடித்தவர். ஷிஃப்ட்டுக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. உனக்கு வேலை பழக்கியதும் அவர்தான். "சுத்தாம நிக்கிற ரோலர்தான்டா சூடாவும், காதைத் தீட்டிக்கினு நட" என்பார் என்று நீதான் வந்து சொல்லிச் சிரிப்பாய். நடக்கும்போது இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவது அவர் பழக்கம். டூட்டி முடிந்து தெருவில் வரும்போதும் அந்தக் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு வீட்டு கேட்டையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். அவர் இரண்டு தட்டு. பின்னாலேயே அவரைக் கிண்டல் பண்ணி நீ மூன்று தட்டு. மூன்று தட்டும் கேட்டால் நான் அடுப்படியிலிருந்தே இன்னொரு டம்ளர் டீ சேர்த்துப் போடுவேன்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், கால் குடைகிறது என்றார். பக்கத்து வீட்டு அமிர்தத்தின் வீட்டுக்காரர் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, போட்ட சட்டை கசங்காமல் வருவார். எனக்கு அதைப் பார்த்து வயிற்றெரிச்சல். மறுநாளே தனகோட்டி அண்ணன் வீட்டில் போய் நின்று, "நடக்கவே முடியலைங்க, துடிக்கிறாருங்க" என்று அழுதேன். பைபிள் வாசிக்கிற வாயால் பொய் சொன்னேன். ஆர்டர் வந்ததும் அவர், "இன்னாத்துக்கு ஜெயா, நான் நல்லாத்தானே நடந்துக்கினு இருக்கேன்" என்றார். நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன்.

அப்புறம் எட்டு மணி நேரமும் நாற்காலிதான். சைக்கிளை விற்று ஸ்கூட்டர் வாங்க வைத்ததும் நானே. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டர். வீட்டுக்கு வந்தால் டிவி. குடிக்கிற தண்ணீரைக்கூட எழுந்து எடுக்க விடாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வருஷத்தில் சர்க்கரை, அடுத்த வருஷம் பிரஷர், போன டிசம்பரில் அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். "இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்ல முடியாதும்மா. ஆனா நடந்து பழகின உடம்பை ஒரேயடியா உட்கார வெச்சிருக்கக் கூடாது" என்றார் டாக்டர். உட்கார வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் காலை ஐந்தரை இருக்கும். முதல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம். தெருவில் கேட் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. அமிர்தம் வீட்டு கேட், அடுத்தது, அதற்கடுத்தது. எங்கள் கேட்டை மட்டும் தட்டவில்லை. ஒரு வாரம் போர்வைக்குள் கிடந்து ஜெபம் பண்ணினேன். பிறகு ஒரு நாள், எதுவானாலும் ஆகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். தெருவில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் நான்கு வீடு முன்னால் போனது. எட்டி நடந்தாலும் நான்கு வீடு முன்னால்தான்.

முதலில் தண்ணீர்த் தொட்டிவரை போகவே எனக்கு மூச்சு வாங்கியது. இப்போது மைன்ஸ் ரோடு தொட்டுத் திரும்புகிறேன். எனக்கு இருநூற்று நாற்பது இருந்த சர்க்கரை நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. வீடு துடைப்பது, மாடிப்படி ஏறுவது, கடைக்கு நடந்து போவது எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பலன், அப்படியே செய்யுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சந்தோஷப்படுகிறார். படுத்தால் தூக்கம் வருகிறது. அவரை உட்கார வைத்துக் கொன்ற நான், அவர் பின்னால் நடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அமிர்தத்திடம் ஜாடையாகக் கேட்டேன். "நீங்கதான்க்கா தெனம் காத்தால கேட்டைத் தட்டிக்கினு போறீங்க, அண்ணன் மாதிரியே" என்றாள். இருக்கலாம். என் விரல் முட்டியும் காய்த்துத்தான் போயிருக்கிறது. ஆனால் நான் போர்வைக்குள் கிடந்த அந்த ஒரு வாரம் தட்டியது யார்?

டிசம்பருக்குள் கம்பெனி குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்தேன். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு கேட் கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன்.

செல்வம், இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் கூரியர் வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை எப்போதும்போல இரண்டு தட்டு கேட்டது. செருப்பை மாட்டினேன். அதன் பின்னாலேயே மூன்று தட்டு கேட்டது. நேற்றும் கேட்டது. இன்றும் கேட்டது. மூன்று நாளாக நான் வாசலைத் தாண்டவில்லை, ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

உன் விண்ணப்பத்தைக் கிழித்துக் கொளுத்திவிட்டேன். என் தம்பியே வந்து கேட்டாலும் செய்யாதீர்கள் என்று தனகோட்டி அண்ணனுக்குப் போனும் போட்டுவிட்டேன். டெய்சி என்மேல் கோபப்படுவாள். படட்டும். ஏசி ரூம் ஆசை என்னவென்று எனக்குத் தெரியாதா? முட்டி மெய்யாகவே வலித்தால் டாக்டரிடம் காட்டு, அவர் சொல்கிற அளவுக்கு நட. வலிக்காத காலுக்கு மட்டும் வலி எழுதிக் கொடுக்காதே.

பெல்ட்டிலேயே நடக்கிறேன் அக்கா என்று உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு. அது வரும்வரை தினமும் காலையில் அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். எனக்கு இரண்டு தட்டு மட்டும் கேட்டால் போதும். ஆண்டவர் உன்னை நடமாட்டத்தோடு வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
ஜெயசெல்வி அலெக்சாண்டர்