ஓர் அறைக்கு மட்டும் சூடு

நிலா தென்முனை நிலையம். பதிவு: ரெஜினா பர்னாந்து, மின் பொறியாளர். எழுத எழுதவே இது பூமிக்குப் போய்ச் சேரும்.

நாள் 61, 09:10
நிலையத்துக்கு வெளியே தனியாக நிற்கும் துளைக்கூடத்தில் நெட் இழுக்கிறது என்று இசக்கிமுத்து புகார். அவர் பாறை ஆய்வாளர். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். சுவர்கள் நிலா மண்ணால் ஆனவை, அவ்வளவு தடிமனில் வைஃபை ஊடுருவாது. அதனால் மின்சாரக் கம்பியிலேயே நெட்டை அனுப்புகிறோம். இங்கே பிளக்கில் ஒரு ரவுட்டர், கூடத்துப் பிளக்கில் அதன் ஜோடி. போய்ப் பார்த்தால் மனிதர் அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிறார். சுவர்ப் பிளக்குக்கு மாற்றினேன். சரியாகிவிட்டது.

நாள் 63, 14:40
சூரியப் புயல். ரேடியோ ஆன்டெனா கருகிவிட்டது. சோலார் தகடுகளில் பெரும்பாதி போய்விட்டன. பூமிக்கான டிஷ் மட்டும் பிழைத்தது. இசக்கி அப்போது கூடத்தில் இருந்தார். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, கம்பி வழியாகக் கூப்பிட்டேன். குரல் வந்தது.

"ரெஜினா, கேக்கா? துளைக்கருவி சாஞ்சு தொடை எலும்பு போச்சு. இந்தக் காலை விண்வெளி உடுப்புக்குள்ள நுழைக்க முடியாது. நீ இப்போ வெளிய வந்துராத. கதிர்வீச்சு அடங்கட்டும்."

நாள் 63, 19:05
பூமியிலிருந்து கட்டுப்பாட்டு மைய இயக்குநர் நம்பெருமாள் பேசினார்.

"பேட்டரியில ஓர் அறையைச் சூடாக்கத்தான் சார்ஜ் இருக்கு. மீட்புக் கலம் வர அஞ்சு நாள் ஆகும். கூடத்துக்குப் போற கரண்ட் லைனை கட் பண்ணிடுங்க ரெஜினா. இது நான் மட்டும் எடுத்த முடிவு இல்ல."

முடியாது என்றேன். அங்கிருந்தே துண்டித்துவிடுவார்கள் என்று தோன்றியது. தொலைக்கட்டுப்பாட்டு ஒயரை வெட்டி எறிந்தேன். இனி அந்த லைனை அணைக்க வேண்டுமானால் யாராவது நேரில் இங்கே வரட்டும்.

நாள் 64, 06:30
புதுத் தொல்லை. கூடத்து ஹீட்டர் ஓடினால் கம்பியில் இரைச்சல், நெட் செத்துவிடுகிறது. நிறுத்தினால் பேசலாம், ஆனால் அவர் விறைத்துப்போகிறார். என்னோடு பேசுவதற்காகவே நிறுத்திவைத்திருக்கிறார். திட்டினேன். அழுகை வந்தது. இன்னும் உரக்கத் திட்டினேன். மையம் லைனை வெட்டச் சொன்னதையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"அவங்க சொல்றதுல தப்பில்ல பாத்துக்க. எனக்காக நீயும் சாகணுமா? லைனை அணைச்சிரு."

முதலில் ஹீட்டரைப் போடுங்கள் என்றேன்.

நாள் 64, 11:15
ஓர் அறைக்குத்தான் சூடு என்றால், அது ஏன் என்னுடைய அறையாக இருக்க வேண்டும்? அவரால் வர முடியாது. என்னால் போக முடியும். கதிர்வீச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது. பாதியே அதிகம்தான். நிலையத்து ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். டிஷ்ஷும் ரவுட்டரும் மட்டும் ஓடுகின்றன. மீதி மின்சாரம் முழுவதும் கூடத்துக்கு. மையத்திடம் சொன்னேன். அனுமதி இல்லை என்றார்கள். நான் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னேன்.

நாள் 64, 13:50, துளைக்கூடம்
வந்துவிட்டேன். ஆக்சிஜன், தண்ணீர், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் இழுத்து வந்தேன். துளைத்தண்டு ஒன்றை வைத்து அவர் காலைக் கட்டினேன். அலறினார். எதற்கு வந்தாய் என்று திட்டினார். என் கையை மட்டும் விடவில்லை. எனக்கு இரண்டு முறை வாந்தி. கதிர்வீச்சாக இருக்கலாம். இதை எழுத ஹீட்டரை நிறுத்தியிருக்கிறேன். அவர் நகங்கள் நீலம்.

நாள் 64, 14:02
நம்பெருமாள்:

"ஹீட்டரைப் போட்டா லைன் போயிடும். நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

தெரியாது சார். தெரிந்துகொள்வதற்காக இவரைக் குளிரில் போட்டுவைக்க மாட்டேன். கலத்தைக் கூடத்துக்கு அருகில் இறக்குங்கள். ஸ்ட்ரெச்சர் அனுப்புங்கள், இரண்டாகவே அனுப்புங்கள். பேச்சு நின்றுவிட்டது என்று எங்கள் பெயருக்கு நேரே எதையும் எழுதிவிடாதீர்கள். உங்களுக்குக் கம்பியில் ஹீட்டரின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். அந்த இரைச்சல் கேட்கும்வரை நாங்கள் சூடாக இருக்கிறோம். போடுகிறேன். போட்டுவி