கயிறு பிடித்தவன்

திரேஸ்புரம்,
9-1-1973

டாக்டரம்மா கிருபை அவர்களுக்கு,

குடியை நிறுத்தச் சேர்த்திருந்த உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரை ஏறிக் குதித்த இனிகோ எழுதுவது. நான் சுகம். உங்கள் மேஜை இழுப்பறையில் விட்டுவந்த நண்டும் சுகம்தானே? உங்கள் பெயர்தான் கிருபை. ஊசி போடுகையில் அதைக் காணோம்.

ஓடி வந்தது ஊசிக்குப் பயந்து இல்லை. "கயிற்றை யார் பிடித்திருந்தாலும் வளன் இறந்துதான் இருப்பார், உன்மேல் தப்பில்லை" என்றீர்கள். கடலடியில் சங்கு குளிக்கிறவனுக்குத் தோணியில் நின்று யார் வேண்டுமானாலும் கயிறு பிடிப்பதில்லை. பெண்டாட்டியின் தம்பிதான் பிடிப்பான். தன் அக்காள் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை. வளன் அத்தானுக்கு நான்தான் பிடித்தேன். இழுத்தபோது கனமாக வந்தார். பதினாறு வயசுப் பயல் என்று என்னைத் தள்ளுபடி செய்யாதீர்கள். இனி வரமாட்டேன்.

இனிகோ

தூத்துக்குடி,
13-1-1973

தம்பி இனிகோவுக்கு ஆசீர்வாதம்.

நண்டு கம்பவுண்டர் ஜேசுபாதத்தின் விரலைக் கவ்விவிட்டது. அவர் உன்னை ஏசாத நேரமில்லை.

நான் கடற்கரை இல்லாத நாசரேத்துக்காரி. உங்கள் வழக்கம் தெரியாமல் ஆறுதல் சொல்லிவிட்டேன். உன் வயசுப் பிள்ளைகளின் சாராயத்தை நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் அவர்கள் முன்னால் எது வந்து நிற்கிறது என்று கேட்பதற்குள் ஓடிவிடுகிறார்கள். அல்லது நான் முந்திப் பேசிக் கெடுத்துவிடுகிறேன். உன் அக்காள் என்ன சொல்கிறாள்?

கிருபை

திரேஸ்புரம்,
17-1-1973

டாக்டரம்மாவுக்கு,

அக்காள் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் வியாதி. ஊரே ஏசுகிறது, அவள் ஏசுவதில்லை. ஏசட்டும் என்றே குடித்துவிட்டு வாசலில் விழுகிறேன். பாய் விரித்துப் போடுகிறாள். சாராயத்துக்குக் கடை திறந்த சர்க்கார் ஏச்சுக்கும் ஒன்று திறக்கலாம். உங்கள் அலமாரியில் இதற்கு மருந்து இருக்காது. சும்மா கேட்டு வைத்தேன்.

இனிகோ

தூத்துக்குடி,
20-1-1973

இனிகோவுக்கு,

மருந்து இல்லை. குடிக்காத ஒரு காலையில் அவளிடமே கேள்.

கிருபை

திரேஸ்புரம்,
28-1-1973

டாக்டரம்மாவுக்கு,

கேட்டேன்.  குடிக்காத காலையில்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"என்னய ஏன் ஏச மாட்டுக்க?"

மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஏலே, ஒங்க அத்தான் சின்னப் பயல் வேண்டாம்னுதான் சொன்னாரு. என் தம்பி இருக்கயில வேற ஆளு எதுக்குன்னு நான்தாம்ல ஒன்னய தோணியில ஏத்திவிட்டேன். ஒன்னய எந்த வாயால ஏச?"

நான் குடித்துவிட்டுக் கிடந்தேன். அவள் குடிக்காமலே கிடந்திருக்கிறாள்.

"ஒம்மேல தப்பில்லக்கா" என்று உங்களைப்போலவே வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அருவாமனையைச் சாய்த்துவிட்டு எழுந்து போனாள். 

அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அவளை அழைத்து வருகிறேன். எனக்காக வரவில்லை என்பதை ஜேசுபாதம் அண்ணாச்சியிடமும் சொல்லி வையுங்கள்.

இனிகோ