நீல ரிப்பன் பூசணிக்காய்

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் கூட்டமே இல்லை.

உன் இங்கிலாந்து கிராமத்தை நடந்து நடந்து நீ எடுத்து அனுப்பும் வீடியோக்களை எல்லாரும் பார்க்கிறோம். ஆடுகள் மேயும் வயலுக்குள்ளேயே போகும் ஒற்றையடிப் பாதை, நீ மறக்காமல் சாத்திவிட்டுப் போகும் மரக்கதவு, கல்லால் கட்டிய சின்ன சர்ச். அங்கேயும் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி படைப்பது அம்மாவுக்கு ஆச்சரியம். நம் சர்ச்சில் அவற்றை ஏலம் விடுவோம். அங்கே ஆராதனை முடிந்ததும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், சர்ச் பீடத்துக்கு முன்னால், காம்பில் நீல ரிப்பன் கட்டிய பூசணிக்காயைப் பார்த்ததும் அப்பா, "இது எம்மவ வச்சதுதான்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பலவேசம் அண்ணாச்சி விடவில்லை. "வெள்ளக்காரனுக்கே காணிக்க வைக்காளோ உம்ம மவ!"

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய வீடியோவில் சர்ச் கடிகாரம் பதினொன்று காட்டியது. முதியோர் இல்லத்தில் நீ டூட்டி பார்க்கிற நேரம் அது. கடைசியில் உன் அறை ஜன்னல் வந்தது. அங்கே அந்த நீல ரிப்பன் பூசணிக்காய் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ படிக்க வைத்து நான் வாங்கிய டிகிரியை வைத்துக்கொண்டு உனக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

யார் வந்தாலும் அப்பா, "ஏட்டி, அக்கா வீடியோவப் போடு" என்கிறார். போடுகிறேன். ஜன்னல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.

உன் தங்கச்சி