உங்கள் பெயரில் ஒரு விருது

அண்ணாச்சி,

சம்பங்கி வாசனை இன்று எனக்குக் குமட்டியது. ராஜபாளையத்தில் நாம் வேலை பார்த்த பேண்டேஜ் துணி மில்லின் கூட்ட அறையில், உங்கள் படத்துக்குக் கனமான சம்பங்கி மாலை. பக்கத்தில், உங்கள் பெயரில் ‘நேர்மை விருது’ என்று பொறித்த ஒரு கேடயம். மாலை போட்டவர் சின்ன முதலாளி. போட்டுவிட்டு, “எங்க குடும்பத்துல ஒருத்தரா இருந்தாரு” என்று மைக்கில் தழுதழுத்தார். முதல் விருது எனக்காம்.

அப்போது நான் சோதனைக்கூடத்தில், நீங்கள் டெண்டர் பிரிவில். ஒரு மழைக்காலத்தில், அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய துணி தேறவில்லை. தண்ணீரில் போட்டதும் நனைந்து மூழ்க வேண்டியது, எண்ணெய்த் தாள் மாதிரி மிதந்தது. “இது ரத்தத்த உறிஞ்சாது அண்ணாச்சி” என்றேன். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே சின்ன முதலாளியிடம் போனீர்கள்.

“துணிய மாத்தினா நஷ்டம். பாஸ் பண்ற ஆபீசரப் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார் அவர்.

“அவரு கேக்கவே இல்லயே சார், நாமளா கொண்டு போயி நீட்டணுமா? இப்பம் சட்டம் மாறியாச்சு. வாங்குறவன் மட்டுமில்ல, குடுக்கவனும் உள்ள போவான். கம்பெனியும் மாட்டும். தெரிஞ்சே விட்ட முதலாளியும் மாட்டுவாரு.”

அவர் சிரித்தார். “ஊருல எவன்யா குடுக்கல?”

“இந்தத் துணியால உங்க பிள்ள காயத்தக் கட்டுவீயளா சார்?” என்று கேட்டீர்கள். சிரிப்பு நின்றது. அன்றோடு உங்களை அந்த அறைக்குக் கூப்பிடுவதும் நின்றது.

வெளியிலிருந்து ஒரு தரகரைப் பிடித்தார்கள். துணி போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் தரகரும் ஆபீசரும் போலீசில் பிடிபட்டார்கள். உடனே நிர்வாகம், தரகரை ஏற்பாடு செய்தது நீங்கள்தான், தங்களுக்கு எதுவுமே தெரியாது என்று கைகழுவியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டுக்கு மேனேஜர் வந்த அன்று நானும் மதினியோடு உட்கார்ந்திருந்தேன். “ஒத்துக்கிடுங்க. பிள்ளைக படிப்ப கம்பெனி பாத்துக்கிடும்” என்றார், ஏதோ உபகாரம் செய்ய வந்தவர் போல.

“அவுக அப்பன் திருடன்னு எம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கவும் கம்பெனியே ஆள் அனுப்புமா?” என்றீர்கள். மதினி கொண்டுவந்த காப்பியை அவருக்குக் கொடுக்காமலே உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

விசாரணைக்குப் போவதற்காக பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். மில்லிலிருந்து யாரும் உங்கள் சாவுக்குத் துட்டி கேட்கப் போகக் கூடாது என்று உத்தரவு. நான் வந்தேன். பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை. இப்போது தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் இருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். எங்களிடம் லஞ்ச எதிர்ப்புக் கொள்கையே இருக்கிறது, இறந்துபோனவர்தான் அதை மீறினார் என்று கம்பெனி வக்கீல் வழவழப்பான ஒரு புத்தகத்தை நீட்டினார். அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று நீதிபதி என்னைக் கேட்டார். “இன்னிக்குத்தாம்யா பாக்கேன்” என்றேன். யாருக்கு, எப்போது இதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டதற்கு வக்கீல் அந்தப் புத்தகத்தையே மறுபடி நீட்டினார். கொள்கை தாளில் இருந்தால் போதாது என்றது தீர்ப்பு. கம்பெனிக்கு அபராதம், சின்ன முதலாளிக்குச் சிறை. உங்கள்மேல் குற்றமில்லை என்று நீதிபதி வாசித்தபோது, அதைக் கேட்க நீங்கள் இல்லை.

சின்ன முதலாளி அப்பீல் செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். இப்போது வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வரவிருக்கிறதாம். வாங்குகிறவர்கள் மில்லின் யோக்கியதையை விசாரிக்கிறார்களாம். அதற்குத்தான் மாலை, கேடயம், தழுதழுப்பு, எதிராகச் சாட்சி சொன்ன எனக்கே முதல் விருது எல்லாம். உயிரோடிருந்தபோது பழியைச் சுமக்கச் சொன்னார்கள். செத்த பிறகு விளம்பரப் பலகையைச் சுமக்கச் சொல்கிறார்கள். மதினியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர்கள் வரவில்லை.

மேடையேறினேன். கேடயத்தைத் தொடவில்லை. மைக்கில், “அவிய செத்தன்னிக்கு என்னத் தவிர இங்கருந்து ஒரு ஆளு வரல. இன்னிக்கு அவிய பேரச் சொல்ல ஒங்களுக்கு எப்படி வாய் வருது?” என்று கேட்டுவிட்டு இறங்கினேன். வாசல்வரை ஓடி வந்த பழைய அக்கவுண்டன்ட், “கம்பெனின்னா அப்படித்தாம்மா. போனதப் பேசி என்ன?” என்றார். கெட்டவர் இல்லை. பழகிவிட்டவர்.

பஸ்ஸில் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அருவருப்பு மட்டுமே இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. அது போக வேண்டாம், அண்ணாச்சி. அது போய்விட்டால் நானும் அவரைப் போல, ‘கம்பெனின்னா அப்படித்தான்’ என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.